துக்க மணியும் டிஜிட்டல் பேனரும்

கடலூர் சாலையில் அரியாங்குப்பம் தாண்டினால் நோணாங்குப்பம். அதையும் தாண்டினால் சுண்ணாம்பாற்றுப் பாலம். வெளியூர்க்காரர்களுக்கு இந்த ஊர் என்றாலே போட் ஹவுஸ்தான். படகேறிக் கடற்கரை மணலுக்குப் போய் ஆடிவிட்டுப் பாண்டிச்சேரிக்குத் திரும்புகிறவர்கள் ஜன்னல் வழியே பார்த்தால், சாலையோரம் சிரிக்கிற முகங்களில் கணிசமானவை இறந்தவர்களுடையவை. கண்ணீர் அஞ்சலி, முதலாம் ஆண்டு நினைவஞ்சலி என்று முச்சந்திக்கு முச்சந்தி ஆளுயரத்துக்கு மேல் பேனர் நிற்கும். சிலுவை போட்டிருந்தால் கிறிஸ்தவ வீடு, குத்துவிளக்கு போட்டிருந்தால் இந்து வீடு. மற்றபடி மேகமும் ரோஜாவும் இருவருக்கும் பொது.

2022இல் எங்கள் அத்தைக்கும் ஒன்று வைத்தார்கள். பேரன் கல்யாணப் படத்திலிருந்து முகத்தை வெட்டி எடுத்து, பின்னால் வானத்தை ஒட்டி, கழுத்தில் அவர் வாழ்நாளில் போட்டிராத இரட்டை வடச் சங்கிலியையும் போட்டுவிட்டான் டிசைன் செய்த பையன். நல்ல மனசுக்காரன். அத்தை பார்த்திருந்தால் சங்கிலி எத்தனை சவரன் என்று கேட்டிருப்பார்.

அவர் பிறந்தது 1936இல், பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில். பதினெட்டு வயதில் ஆட்சி மாறியது. 1954 நவம்பர் 1ஆம் தேதி புதுச்சேரி இந்திய அரசின் கைக்கு வந்தது என்று எல்லோரும் படித்திருப்போம். அது சகல புனிதர்கள் திருநாள். அடுத்த நாள் கல்லறைத் திருநாள். அத்தையைப் பொறுத்தவரை அந்த வரலாறு இவ்வளவுதான்: "கொடி மாறின மறுநாளு நாங்க கல்லறைக்குப் போனோம். மெழுகுவத்தி எப்பவும்போலதான் எரிஞ்சிச்சி."

அந்தக் காலத்தில் சாவுச் செய்தி மணியில்தான் வரும். கோயில் மணி விட்டுவிட்டு ஒற்றையாய் விழுந்தால் துக்க மணி. முடைகிற கீற்றை அப்படியே போட்டுவிட்டுச் சிலுவை வரைந்துகொண்டு, யார் என்பதை அப்புறம்தான் விசாரிப்பார்கள். பெயர் தெரியும் முன்பே ஒரு பரலோக மந்திரம் முடிந்திருக்கும். இதில் எனக்கு எப்போதும் வியப்பு உண்டு. முகம் தெரியாத, பெயர் தெரியாத ஒருவருக்காக முதல் ஜெபம். இன்றைக்கு வாட்ஸாப்பில் முதலில் படம் வருகிறது, கீழே 'ஆர்ஐபி' என்று மூன்றெழுத்து வருகிறது. யாரென்று பார்த்த பிறகுதான் அனுதாபம்.

இரவு உபதேசியார் வந்து ஜெபமாலை சொல்ல வைப்பார். பங்குக்குப் பொதுவாக ஒரு சவப்பெட்டி இருக்கும். கல்லறை வரை சுமக்க அது போதும். கோயிலில் சாமியார் கறுப்பு உடுப்பில் நிற்பார். பூசை முழுக்க லத்தீனில் நடக்கும். இறுதித் தீர்ப்பு நாளின் பயங்கரத்தைச் சொல்லும் 'தியேஸ் ஈரே' பாட்டும் உண்டு. யாருக்கும் ஒரு வார்த்தையும் புரியாது. ஆனால் எல்லோருக்கும் வயிற்றைக் கலக்கும். மூன்றாம் நாள், ஏழாம் நாள், முப்பதாம் நாள், ஆண்டு நிறைவு என்று பூசைகள். பலர் நினைப்பதுபோல் இது நம் ஊர்ச் சடங்கைப் பார்த்து வைத்துக்கொண்ட கணக்கு மட்டும் அல்ல. பழைய ரோமைப் பூசைப் புத்தகத்திலேயே இந்த நாட்களுக்கெல்லாம் தனித்தனி மன்றாட்டு அச்சிட்டிருந்தது. நம் ஆட்களுக்கு அது ஏற்கெனவே பழகிய கணக்காக இருந்தது, அவ்வளவுதான்.

இத்தனை ஜெபத்திலும் இறந்தவரின் வாழ்க்கையைப் பற்றி ஒரு சொல்லும் இருக்காது. என்ன வேலை செய்தார், யாரிடம் சண்டை போட்டார், எதற்குச் சிரித்தார் என்பதெல்லாம் அங்கே தேவையில்லை. ஆத்துமாவுக்கு இளைப்பாற்றி வேண்டும். மீதியைச் சர்வேசுரன் பார்த்துக்கொள்வார். அத்தையின் பாட்டியைப் பற்றி நான் ஒருமுறை கேட்டேன். எப்படி இருப்பார், என்ன செய்வார் என்று. அத்தைக்குப் பெயரும், நவம்பர் மாதம் அவருக்காகச் சொல்ல வேண்டிய ஜெபமும் மட்டும்தான் தெரிந்தன. "மத்தது எதுக்குடா? சாமிக்குத் தெரியாதா யாரு எவருன்னு?"

சாமிக்குத் தெரியும். பதிவேட்டுக்கு எவ்வளவு தெரியும் என்பது வேறு விஷயம். புதுச்சேரியில் எழுத்துக்குப் பஞ்சம் இருந்ததே இல்லை. 1676 முதல் இங்கே நடந்த ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எல்லாவற்றின் சுருக்கத்தையும், பிரெஞ்சிந்திய ஆளுநராக இருந்த அல்பிரெட் மர்த்தினோ 1917இலிருந்து நூலாகவே வெளியிட்டார். ஆனால் அதில் நிறைந்திருப்பவர்கள் பெரும்பாலும் ஐரோப்பியர்களும் அவர்களோடு கலந்த குடும்பத்தாரும். உள்ளூர்க்காரர்களின் பிறப்பு இறப்பை முறையாக எழுத 1880இல்தான் ஆணை வந்தது. அதன் பிறகு நோணாங்குப்பத்துக் கீற்றுக்காரியும் பிரெஞ்சில் ஒரு வரி ஆனாள்: இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி, வயது ஏறத்தாழ இவ்வளவு.

ஏழைக்கு ஒரு வரி. பணக்காரருக்கு? அதற்கும் புதுச்சேரியிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் துபாஷியாக இருந்த பேதுரு கனகராய முதலியார், அந்தக் காலத்துப் புதுச்சேரிக் கிறிஸ்தவர்களில் முதல் மனிதர். ஒரே மகன் வேலவேந்திரன் 1739இல் இளவயதிலேயே இறந்துபோனான். மகனின் நினைவாகத் தகப்பன் கட்டியதுதான் ரெட்டியார்பாளையத்துப் புனித அந்திரேயா கோயில். 1745இல் கட்டி முடிந்தது. தமிழிலும் பிரெஞ்சிலும் கல்வெட்டு வைத்தார். இன்றும் அங்கே பூசை நடக்கிறது. வில்லியனூர்ப் பேருந்தில் போகிறவர்கள் தினமும் அதைக் கடக்கிறார்கள். அது ஒரு தகப்பனின் துக்கம் என்று எத்தனை பேருக்குத் தெரியுமோ.

கோயில் கட்டி முடிந்த அந்த 1745இல், நவம்பர் 30, அந்திரேயா திருநாளன்று நடந்த விருந்தை ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். ஆளுநர் துய்ப்ளேக்ஸ் துரை மனைவியோடும் ஆலோசனைச் சபையாரோடும் வந்து சாயங்காலம் வரை இருந்தார். பிராமணர், வேளாளர், கோமுட்டி, செட்டி என்று ஊரில் இருந்த எல்லாச் சாதிக்கும் அழைப்பு. எல்லோருக்கும் சாப்பாடு, ஆனால் அவரவர் சாதிக்கு ஏற்பத் தனித்தனிச் சமையல், தனித்தனி இடம். பிள்ளைவாளுக்கும் முதலியாருக்கும் போட்டி உண்டு. அதனால் விருந்து பெரிது என்று ஒப்புக்கொண்டவர், நடத்திய முறையில் குற்றம் காணாமல் விடவில்லை. இறந்த ஒரு பையனின் பெயரால் ஊர் முழுக்க உண்டது என்பது மட்டும் உண்மை.

ஊர் முழுக்கவா? அதே 1745, அக்டோபர் மாதம். புதுச்சேரிக் கிறிஸ்தவர்களின் சம்பா கோயிலின் உள்ளே, தாழ்த்தப்பட்டவர்களை மற்றவர்களிடமிருந்து பிரிக்க ஒரு சுவர் இருந்தது. காரைக்காலிலிருந்து வந்த குரு ஒருவர் இது என்ன நியாயம் என்று கேட்க, அந்த மக்களும் திரண்டு போய் முறையிட, சுவர் இடிக்கப்பட்டது. உடனே மற்றவர்கள் கொதித்தெழுந்தார்கள். சுவர் போன இடத்தில் நாற்காலிகளை வரிசையாக வைத்துப் பிரித்தார்கள். இதுவும் பிள்ளையின் நாட்குறிப்பில் இருக்கிறது. உயிரோடு இருக்கிறவர்களுக்கு நடுவில் சுவர் வைத்தவர்கள் செத்தவர்களை மட்டும் சேர்த்தா புதைப்பார்கள்? இருநூற்று அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும், இதே புதுவை–கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்த எறையூரில், தேரும் கல்லறைப் பாதையும் யாருக்கு என்ற கேள்வி கலவரமாகி, 2008 மார்ச்சில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். ஆகவே "அந்தக் காலத்தில் ஊரே கூடி அழுதது" என்று யாராவது நெகிழ்ந்தால், எந்த ஊர், யாருடைய ஊர் என்று கேட்டுக்கொள்வது நல்லது. நானும் அப்படி நெகிழக்கூடியவன்தான், அதனால்தான் சொல்கிறேன்.

கனகராய முதலியார் 1746 பிப்ரவரியில் இறந்தார். சொத்துத் தகராறு உடனே கிளம்பியது. உரிமை தம்பிக்குப் போயிற்று. முதலியாரின் மனைவிக்கும், வேலவேந்திரனின் இளம் விதவைக்கும் சோறும் துணியும் கொடுத்துக் காப்பாற்றும் ஏற்பாடு. கிறிஸ்தவ வீடானாலும் சொத்து விஷயத்தில் சாதி வழக்கமே சட்டம். மகனுக்குக் கல்லில் கோயில், மருமகளுக்குப் பராமரிப்பு. அந்தப் பெண் எத்தனை ஆண்டு வாழ்ந்தாள், எப்படி வாழ்ந்தாள் என்பதை எந்தக் கல்வெட்டும் சொல்லவில்லை.

அத்தையின் காலத்திலேயே கோயிலுக்குள் எல்லாம் மாறிவிட்டது. 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு பூசை தமிழுக்கு வந்தது, சாமியார் மக்கள் பக்கம் திரும்பினார். 1969இல் வந்த புதிய அடக்கச் சடங்கில் கறுப்பு கட்டாயம் இல்லை, ஊதாவும் வெள்ளையும் வந்தன. தியேஸ் ஈரே போய் உயிர்ப்பின் பாட்டு வந்தது. உடலைத் தகனம் செய்யலாம் என்ற அனுமதி அதற்கு முன்பே, 1963இல் கிடைத்துவிட்டது. சாம்பலைத் தூவக் கூடாது, புனித இடத்தில் வைக்க வேண்டும் என்று 2016இல் ரோமாபுரி மறுபடி அழுத்திச் சொன்னது. எங்கள் பக்கத்தில் இன்றும் மண்தான். அத்தைக்குத் தமிழ்ப் பூசை பிடிக்கும், ஆனால் பயம் போய்விட்டதில் கொஞ்சம் குறை. "அப்பல்லாம் செத்தவங்களைப் பார்த்தா நாம திருந்தணும்னு தோணும். இப்ப பாட்டு நல்லாருக்குன்னு தோணுது."

பெயர் வாசிக்கிற வழக்கம் மட்டும் மாறவில்லை. காலைப் பூசைக்கு முன் "இன்னாரின் ஆன்ம இளைப்பாற்றிக்காக" என்று வாசிப்பார்கள். ஒரு காணிக்கைக்கு ஒரு பூசை என்பதுதான் சபைச் சட்டம். பல கருத்துகளை ஒரே பூசையில் சேர்ப்பது பெருகிப்போனதால், கொடுப்பவர்களின் சம்மதத்தோடு வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் அப்படிச் செய்யக் கூடாது என்று 1991இல் ரோமாபுரி கட்டுப்பாடு போட்டது. பட்டியல் நீளமான நாட்களில் அத்தை பொறுமையாக உட்கார்ந்திருப்பார். ஒவ்வொரு பெயருக்கும் உதடு அசையும். எனக்கு அது ரேஷன் கடைப் பட்டியல் மாதிரி கேட்கும். அவருக்கு அவர்கள் எல்லோரும் ஆட்கள்.

2020 வந்தது. ஊரடங்கில் சாவுக்கு இருபது பேருக்கு மேல் கூடக் கூடாது என்றார்கள். கோயில் பூட்டிக் கிடந்தது, பூசை யூடியூபில் வந்தது. நோய் போன பின்பும் கேமரா போகவில்லை. அத்தை இறந்தபோது ஃப்ரீஸர் பெட்டி வந்தது, பெட்டிக்கு எதிரே ஸ்டாண்டில் கேமரா வந்தது. பாரிஸ் பக்கத்தில் இருக்கும் பேத்தி அங்கே விடியற்காலையில் எழுந்து உட்கார்ந்து முழுவதையும் பார்த்தாள். வர முடியாத பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். அதை நான் கேலி செய்ய மாட்டேன். முன்பெல்லாம் பிரெஞ்சுப் பட்டாளத்துக்குப் போனவர்களுக்கு அம்மா செத்த கடிதம் முப்பதாம் நாள் பூசையெல்லாம் முடிந்த பிறகுதான் போய்ச் சேரும்.

முப்பதாம் நாளில்தான் இன்றைய மாற்றம் முழுதாகத் தெரிகிறது. பூசைக்குப் பிறகு மண்டபத்தில் படத்திறப்பு. அரசியல் கட்சிகளிடமிருந்து வந்த வழக்கம் இது என்று நினைக்கிறேன். இப்போது சிலுவைக்குப் பக்கத்திலேயே திரைச்சீலை தொங்குகிறது. பிறகு வாழ்க்கைக் குறிப்பு வாசிப்பார்கள். அடக்கப் பூசையில் மறையுரைக்குப் பதிலாகப் புகழுரை கூடாது என்று சபை விதி சொல்கிறது, கடைசியில் வேண்டுமானால் சில நினைவு வார்த்தைகள் சொல்லலாம். காரணம் நியாயமானது: முதலாளிக்கும் கூலிக்காரனுக்கும் ஒரே மன்றாட்டு. இந்தச் சமத்துவமும் எளிதில் வந்ததல்ல; பிரான்சிலேயே பணத்துக்கு ஏற்ப முதல் வகுப்பு அடக்கம், இரண்டாம் வகுப்பு அடக்கம் என்று இருந்து 1960களில்தான் ஒழிந்தது. ஆனால் மண்டபத்தில் விதி ஏது? வழவழப்பான காகிதத்தில் நான்கு பக்கம் அச்சடித்து எல்லோருக்கும் கொடுத்தார்கள்.

நான் ஆவலோடு வாங்கிப் பார்த்தேன். முதல் பக்கம் படம். இரண்டாம் பக்கம் ஜெபம். மூன்றாம் பக்கத்தில் வாழ்க்கை: மூத்தவர் இன்ன கம்பெனியில் மேலாளர், இளையவர் ஆசிரியை, பேரன் இன்ஜினியர், பேத்தி பிரான்ஸ். நான்காம் பக்கம் நன்றி. எண்பத்தாறு ஆண்டு வாழ்ந்தவரைப் பற்றி அதில் இருந்த சொற்கள் 'பாசமிகு', 'இறைப்பற்று மிக்க' இரண்டுதான். அத்தையின் பாட்டிக்குப் பிரெஞ்சில் ஒரு வரி இருந்தது, இன்னாரின் மனைவி என்று. பேத்தியான அத்தைக்கு வண்ணத்தில் ஒரு பக்கம் கிடைத்தது, இன்னாரின் தாய் என்று. நூறு ஆண்டில் நாம் நகர்ந்த தூரம் அவ்வளவுதானா என்று எனக்கு அன்று கோபம் வந்தது.

அந்தத் தாளில் இல்லாததை நான் சொல்கிறேன். அத்தை நாற்பது வயது தாண்டியும் கீற்று முடைந்தவர். தென்னந்தோப்பில் ஓலை வாங்கி, சுண்ணாம்பாற்றின் உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, ஈரம் காயும் முன் முடைய வேண்டும். உப்பில் ஊறின கீற்றைக் கரையான் சீக்கிரம் தொடாது என்பார். நூறு கீற்றுக்கு இவ்வளவு என்று விலை. அதில் வந்த காசில்தான் மகள் ஆசிரியப் பயிற்சி முடித்தாள். மாமா சைக்கிளில் முதலியார்பேட்டை ரோடியர் மில்லுக்குப் போனவர். மில் சம்பளம் வீட்டை நடத்தியது, கீற்றுக் காசு பிள்ளைகளைப் படிக்க வைத்தது. ஊரெல்லாம் ஓட்டு வீடாகவும் மாடியாகவும் மாறியபோது கீற்றுக்கு ஆள் இல்லாமல் போனது. மில்லும் நொடித்து நொடித்து 2020இல் நிரந்தரமாக மூடப்பட்டது. இரண்டு வேலையும் இன்று ஊரில் இல்லை. அதனால்தான் பேரன்களுக்கு அதை எழுதத் தோன்றவில்லை. வெட்கத்தால் அல்ல, தெரியாததால்.

ஞாயிற்றுக்கிழமை நோணாங்குப்பத்திலிருந்து அரியாங்குப்பம் மாதா கோயிலுக்கு நடந்து போன கதையும் அதில் இல்லை. நள்ளிரவிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் போய் நற்கருணை வாங்கிய காலம் அது. 1953இல்தான் தண்ணீருக்குத் தடை நீங்கியது. திரும்பி வரும் வழியில் பசியில் தம்பியை, அதாவது என் அப்பாவை, இடுப்பில் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறார். படிக்கத் தெரியாதவர் மன்றாட்டுமாலை முழுவதையும் மனப்பாடமாகச் சொல்வார். கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டது மகளிடம், ஐம்பது வயதுக்கு மேல். மருமகளோடு ஓராண்டு பேசாமல் இருந்தார், பாவசங்கீர்த்தனத்தில் சாமியார் கடிந்துகொண்டு அனுப்பிய பிறகுதான் பேசினார். அந்த மருமகளே எனக்குச் சொன்னது.

சில குடும்பங்களில் முன்னோரைத் தேடுவதும் உண்டு, ஆனால் வேறு காரணத்துக்காக. புதுச்சேரியை முறைப்படி இந்தியாவுக்குக் கொடுத்த ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16 அன்று நடைமுறைக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் தெரிவு செய்ய வேண்டும் என்றார்கள். தாத்தா என்ன தெரிவு செய்தார், எந்த ஊரில் பிறந்தார் என்று பேரன்மார் இப்போது பழைய பிரெஞ்சுப் பதிவேடுகளைக் கிளறுகிறார்கள். தாத்தாவின் கல்லறை எங்கே என்று தெரியாதவருக்கும் அவருடைய பிறப்புச் சான்றிதழ் எண் தெரிந்திருக்கிறது. பாஸ்போர்ட்டுக்காகவாவது முன்னோரைத் தேடுகிறார்களே என்று சந்தோஷப்பட்டுக்கொள்ள வேண்டியதுதான். அந்தத் தேடலிலும் பாட்டியை யாரும் தேடுவதில்லை.

பேனர் வைக்காதீர்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. சொன்னாலும் கேட்க மாட்டீர்கள். துக்க மணியின் நாட்களுக்குத் திரும்பவும் வழியில்லை, அந்த நாட்களில் பாட்டிக்கு முகமே இருந்ததில்லை. நான் கேட்பது சின்ன வேலை. உங்கள் வீட்டில் எண்பதைத் தொட்ட பெண் ஒருவர் இருந்தால், வருகிற கல்லறைத் திருநாளுக்கு முன் ஒரு மத்தியானம் அவர் பக்கத்தில் உட்காருங்கள். முதலில் சம்பாதித்தது என்ன வேலையில், எவ்வளவு, அந்தக் காசை என்ன செய்தார் என்று கேளுங்கள். போன் இருக்கிறது, பேச்சைப் பதிவு செய்துகொள்ளலாம். பழைய படங்களை எடுத்துக் காட்டி யார் யார் என்று கேட்டுப் படத்தின் பின்னால் பெயரும் ஊரும் எழுதிவையுங்கள். பேனாவால் எழுத வேண்டாம், மை முன்பக்கம் ஊறிவிடும். பென்சில் போதும், அழுத்தாமல் எழுதினால் நூறு ஆண்டு நிற்கும்.